தண்ணீர் சிந்தாத கார்

போன மாதம் சிரம்பான் லோபாக்கில் பிரஷர் மாத்திரை வாங்கப் போயிருந்தேன். மருந்துக் கடைக்கு முன்னால் ஒரு கார் நின்றது. நம் வயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே நின்றிருப்பார்கள். உருண்டை விளக்குகள், ஏறுவதற்கு நீளமான மிதிபலகை, பக்கவாட்டில் ஒரு உபரிச் சக்கரம், மேலே துணிக் கூரை. போருக்கு முந்தைய துரைமார் கார். பக்கத்தில் நின்ற பையன்தான் சொந்தக்காரன். நான் உற்றுப் பார்ப்பதைக் கண்டதும் இன்ஜின் மூடியைத் தூக்கிக் காட்டினான். உள்ளே பளபளவென்று புத்தம்புது இன்ஜின்.

"பாடி மட்டும்தான் ஆண்ட்டி பழசு. இன்ஜின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன் எல்லாம் புதுசு லா. சிரம்பான்ல இப்படி யாரும் செஞ்சதில்ல" என்றான்.

எண்பது வயதுக்காரியை ஆண்ட்டி என்று கூப்பிட்ட புண்ணியத்துக்காக அவனை ஒன்றும் சொல்லாமல் விட்டேன். உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாது. இதை என் சித்தப்பா எப்போதோ செய்துவிட்டார். வெள்ளைக்காரன் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிய அவசரகாலத்தில், முள்வேலிக்குள் இருந்துகொண்டு செய்தார். அந்தப் பையன் ஆசைக்காகச் செய்திருக்கிறான். சித்தப்பா ஒரு பிள்ளை உயிரோடு பிறக்க வேண்டும் என்பதற்காகச் செய்தார்.

எங்கள் ரப்பர் தோட்டம் லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. அந்த முள்வேலிக் காலத்தை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பரவிக் கிடந்த லயன் வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, சுற்றி இரண்டு ஆள் உயரத்துக்குக் கம்பி கட்டி, ஒரு கேட்டும் போட்டுவிட்டார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே எடுத்துப் போக முடியாது. காலையில் பசியாறிய தேநீரோடு மத்தியானம் வரை மரம் மரமாக ஓட வேண்டும். பெண்களைத் தடவிச் சோதிக்க கேட்டில் ஒரு பெண் நின்றாள். அவள் விரல்கள் எப்போதும் சில்லென்று இருக்கும். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு விலாவில் கூசுகிறது.

எனக்கு அப்போது பத்து வயது. அப்பா ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. அம்மாவும் நானும் அம்மாவின் தங்கை வீட்டில் ஒட்டிக்கொண்டோம். அதுதான் என் சின்னம்மா. அவள் கணவர் சித்தப்பா, தோட்டத்து லாரி டிரைவர். லாரி கெட்டுப்போனால் பழுது பார்ப்பவரும் அவர்தான். நாள் முழுக்கப் பேசியதை எண்ணினால் ஒரு கை விரல் போதும், அவ்வளவு பேச்சு. மண்ணெண்ணெயும் கட்டிச் சோப்பும் கலந்த ஒரு வாசனை அவர் வருவதற்கு முன்னால் வீட்டுக்குள் வரும்.

சின்னம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் தங்காமல் போயிருந்தன. இரண்டுமே ஏழாம் மாதத்தில், இரண்டுமே சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அதே லாரியில். லாரிக்குப் பின்னால் மெத்தை விரித்து அவளைப் படுக்கவைத்து, அம்மா தலையை மடியில் பிடித்துக்கொள்ள, சித்தப்பா ஓட்டிப் போனார். தோட்டத்திலிருந்து வெளியே போகும் எங்கள் செம்மண் சடக்கு எப்படி இருக்கும் என்று தெரியுமே, மழைக்குப் பிறகு உழுத வயல் தோற்கும். இரண்டு தடவையும் அம்மா ஒரு சிறிய துணி மூட்டையோடு திரும்பி வந்தாள். இரண்டு தடவையும் ஒரே தீர்ப்புதான் சொன்னாள்.

"இவரு ஓட்டின ஓட்டுலதான் போச்சு. வயித்துப் பிள்ளைக்காரின்னு ஒரு நெனப்பு வேணாம்? பால் பீப்பாய ஏத்திட்டுப் போற மாதிரி போனாரு."

அம்மா சொன்னதை லயம் முழுவதும் திருப்பிச் சொன்னது. சித்தப்பா மறுத்துப் பேசியதே இல்லை. நானும் சின்னப் பிள்ளைதானே, அவர் கையால் மிட்டாய் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, மனதுக்குள் அவரைக் கொலைகாரனாக நினைத்திருக்கிறேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சின்னம்மா அவரை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சக்கரம் வைத்த எதிலும் ஏறுவதை விட்டுவிட்டாள். மாரியம்மன் திருவிழாவுக்கு எல்லாரும் லாரியில் போனார்கள், அவள் வீட்டில் இருந்தாள். லுக்குட் பாசாருக்குப் பஸ் இருந்தது, நடந்தே போய் நடந்தே வந்தாள்.

மூன்றாவதாக அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தபோது வீட்டில் யாரும் சத்தமாகச் சந்தோஷப்படவில்லை. தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் வந்து பார்த்துவிட்டு, இது தன்னால் ஆகாது, சிரம்பானுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றார். அடுத்த அரிசி லாரியில் சித்தப்பா தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், முன்பு சின்னம்மாவைப் பார்த்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். வந்து இவ்வளவுதான் சொன்னார்.

"ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா சத்து ஊசி போடணுமாம். கடைசி மாசம் அங்கயே போயி படுத்துக்கணுமாம்."

"நான் ஏறமாட்டேங்க" என்றாள் சின்னம்மா. "லாரிலயும் ஏறமாட்டேன், பஸ்லயும் ஏறமாட்டேன். என்னைய இங்கயே விட்டுருங்க. இருந்தா இருக்கட்டும்."

இன்னொரு பக்கம் கோலா கிளாவாங் பக்கத்துத் தோட்டத்தில் இருந்த சித்தப்பாவின் ஆத்தா, மகனுக்கு வேறு பெண் பார்த்து வைத்திருப்பதாக ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவதும் தங்கவில்லை என்றால் அந்தப் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்து இறங்கிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். சின்னம்மாவுக்கும் தெரியும். அரிசி களையும்போது அவள் அழுவாள். களைந்த தண்ணீரிலேயே முகத்தையும் கழுவிக்கொள்வாள்.

ரப்பர் ஷீட் காயவைக்கும் ஸ்டோருக்குப் பின்னால், அத்தாப்பு ஓலைக் கொட்டகையில், ஒரு பழைய கார் கிடந்தது. ஜப்பான்காரன் வந்தபோது ஓடிப்போன துரை விட்டுப்போனது. டயர்களை அந்தக் காலத்திலேயே யாரோ அறுத்துச் செருப்பு தைத்துவிட்டார்கள். இன்ஜின் துருப்பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. பின் சீட்டில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியாரின் கோழிகள் முட்டையிட்டன. சித்தப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் பின் கதவைத் திறந்து, உள்ளே நீட்டிப் படுத்துப் பார்த்தார். நான் பக்கத்தில் நின்றேன். முகத்தில் ஒரு கோழி இறகு ஒட்டியிருக்க, "ஒங்க சின்னம்மா காலு நீட்டிக்கலாம்" என்றார்.

அதுதான் விஷயம். புதுக் கார்களில் கதவு சின்னது, சீட்டும் குட்டை. இந்தக் காரில் கதவு அகலம், தரை சமம், சீட்டு ஒரு கட்டில் நீளம். இன்னொன்றும் உண்டு. சின்னம்மா சிறுமியாக இருந்தபோது துரைசானி இதே காரில் வெள்ளைக் குடை பிடித்துப் போவதை வேலி ஓரம் நின்று பார்ப்பாளாம். வேறு எதற்குப் பயந்தாலும் இந்தக் காருக்குப் பயப்பட மாட்டாள் என்று அவர் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

அப்போதிருந்த புது துரையிடம் கேட்டால் இந்தக் குப்பையை எடுத்துக்கொள் என்றுவிட்டார். கிராணியார்தான் மல்லுக்கு நின்றார். "என் கோழிங்க எங்கய்யா போகும்? முட்டையெல்லாம் அடைக்கு வெச்சிருக்கேன்." சித்தப்பா முதலில் பலகையில் ஒரு கோழிக்கூடு அடித்துக் கொடுத்தார். அதுதான் அந்தக் காருக்காக அவர் செய்த முதல் வேலை.

உள்ளே வைப்பதற்குப் புது உறுப்புகள் லுக்குட்டிலிருந்து வந்தன. கோலா கிளாவாங் மலைப் பாதையில் புத்தம்புது கார் ஒன்று உருண்டு, மேற்பாகம் நசுங்கி, லுக்குட்டில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் தவுக்கேயின், பட்டறையில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தவுக்கேயிடம் வேலை செய்து கொடுப்பது, பதிலுக்கு அந்தக் காரின் வயிற்றில் இருப்பதை எடுத்துக்கொள்வது என்று இருவருக்கும் ஒப்பந்தம். இன்ஜின் ஒரு வாரம் வந்தது. கியர்பாக்ஸும் சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டும் அடுத்த வாரம். பின் அச்சு, முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்குகள் என்று ஒவ்வொன்றாக அரிசி மூட்டைகளோடு லாரியில் வந்து இறங்கின. கேட்டில் காவலர்கள் சுருள் ஸ்பிரிங்குக்குள் கையை விட்டு அரிசி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

பழைய காரும் புதுக் காரும் ஒத்துப்போக மறுத்தன. புது இன்ஜின் குட்டை, பழைய இடம் நீளம். புது அச்சு குறுகல், பழைய சட்டம் அகலம். இரும்பு வாங்கி அறுத்து, ஓட்டை போட்டு, போட்ட ஓட்டை பொருந்தாமல் மறுபடி அறுத்து, தினமும் லாரி வேலை முடிந்து ஊரடங்குச் சங்கு ஊதும் வரை கொட்டகையிலேயே கிடந்தார். பால் வெட்டிவிட்டு வரும் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன டிரைவரே, சப்பரம் எப்ப பொறப்படுது?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அம்மா மட்டும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை.

கார் ஓடத் தொடங்கியதும் எனக்கு வேலை வந்தது. பின் சீட்டில் நடுவில் உட்கார வேண்டும். மடியில் ஒரு பித்தளைச் செம்பு. சித்தப்பா அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுவார். வேலிக்குள் இருந்த செம்மண் பாதையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, இறங்கி வந்து, செம்புக்குள் விரலை விட்டு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்ப்பார். முதல் நாள் என் பாவாடை முழுக்க நனைந்து, செம்பில் பாதிகூட இல்லை. ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். மூன்று விரல் குறைந்தது. இன்னொன்றைக் கழற்றினார். இரண்டு விரல். அதற்குமேல் என்ன செய்தும் குறையவில்லை. குழியில் விழும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதும் சத்தம் பல்லில் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஸ்டோரில் புகை போட்டு, தேன் நிறத்தில் அடுக்கியிருந்த ரப்பர் ஷீட்களில் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தார். துண்டு துண்டாக வெட்டி, ஆறு ஏழு துண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து அழுத்தி, ஸ்பிரிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகினார். இன்ஜினுக்கு அடியிலும் வைத்தார். அன்று சாயங்காலம் ஒரு சுற்று போய் வந்ததும் விரலை விட்டுப் பார்த்தார். நான்கைந்து துளிதான் சிந்தியிருந்தது. சித்தப்பா சிரித்து நான் பார்த்த முதல் நாள் அது. மேல் வரிசையில் ஒரு பல் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரியும்.

லயத்தில் பேச்சு மாறிவிட்டது. நாம் வெட்டின பால், நம்ம பிள்ளையைத் தாங்கப் போகிறது என்று பெண்கள் பெருமைப்பட்டுக்கொண்டார்கள். சின்னம்மாவே ஒரு நாள் வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள். அடுத்த புதன்கிழமை, ஐந்தாம் மாதத்தின் நடுவில், குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

கேட்டில் அந்தச் சோதிக்கிற பெண், அரிசி கட்டியிருக்கிறாளோ என்று அவள் வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தாள். சின்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். காவலுக்கு நின்ற வயதான மலாய்க்காரர் வேறு பக்கம் திரும்பி நின்றார். கேட்டைத் திறந்துவிடும்போது சித்தப்பாவிடம் மட்டும் மெதுவாக, "பெலான்-பெலான் லா" என்றார். பார்த்துப் பையப் போ என்று அர்த்தம்.

ஒன்றரை மைல் தூரம் நன்றாகத்தான் போனோம். பிறகு வெயில் ஏறியது. மரத்தில் காய்ந்த ஒட்டுப்பால் தீயில் விழுந்த மாதிரி ஒரு நாற்றம் வந்தது. கார் இடது பக்கம் சாயத் தொடங்கியது. ஒரு சின்னக் குழிதான், டமார் என்று இடித்தது. இன்ஜின் ஒரு பக்கமாக உட்கார்ந்து, விசிறி எதையோ கரகரவென்று உரசியது. சித்தப்பா நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார். அவர் அடுக்கி வைத்த ரப்பர் சூட்டில் இளகி, இட்லி மாவு மாதிரி வழிந்து தொங்கிக்கொண்டிருந்தது.

சின்னம்மா கதவைத் திறந்து இறங்கினாள். "நான் வீட்டுக்கு நடந்தே போறேங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தேன். அவள் உள்ளங்கை வியர்த்து வழுக்கியது. கொஞ்ச தூரம் போனதும், "திரும்பிப் பாக்காத பாப்பா. அவரு மனசு சங்கடப்படும்" என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா மிதிபலகையில் உட்கார்ந்து இரண்டு கையையும் தலையில் வைத்திருந்தார். அன்றைக்குத்தான் அவரைக் கொலைகாரன் என்று நினைப்பதை விட்டேன்.

அடுத்த ஞாயிறு லுக்குட்டுக்கு நானும் போனேன். தவுக்கே அந்த இளகிப்போன ரப்பரைக் கையில் வாங்கி இழுத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் முடிந்து மறுபடி சிரித்தார்.

"இது பெலும் மாசாக் லா, டிரைவர்" என்றார். "பச்ச கெத்தா. வேகல. ரொட்டி மாவு மாதிரி. பெலேராங் போட்டு, அடுப்புல வெச்சி வேக வெச்சாதான் டயர். நீ தோட்டத்து ஆளு, உனக்குத் தெரியாது?"

தெரியாது. எங்கள் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. பிறந்ததிலிருந்து அந்தப் பாலின் நாற்றத்தில் வளர்ந்திருக்கிறோம். வெட்டுகிறோம், சுமக்கிறோம், உறைய வைக்கிறோம், பிழிகிறோம், புகை போடுகிறோம். லாரியில் ஏறித் துறைமுகத்துக்குப் போன பிறகு, எங்கோ கந்தகம் போட்டு வேகவைத்தால்தான் அது நமக்குத் தெரிந்த ரப்பர் ஆகிறது என்று ஒருவரும் எங்களிடம் சொன்னதில்லை. சித்தப்பா அவமானத்தில் சிவந்துபோனார். தவுக்கே சிரித்து முடித்ததும், கிழிந்த பட்டாள லாரி டயர் ஒன்றைத் தானே குந்தி உட்கார்ந்து கத்தியால் அறுத்துக் கொடுத்தார். குழாய் மாதிரி இருந்த ஷாக் அப்சார்பர் நான்கையும் அந்த நசுங்கிய காரிலிருந்து கழற்றித் தந்தார். ஸ்பிரிங் துள்ளினால் இது பிடித்து நிறுத்தும் என்று கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினார்.

எல்லாவற்றையும் மாட்டி முடிக்க இரண்டு வாரம் ஆனது. சின்னம்மாவுக்கு ஆறாம் மாதம் பிறந்துவிட்டது. சோறு இறங்கவில்லை. உதடு வெளுத்து, பத்து அடி நடந்தால் மூச்சு வாங்கியது. கார் கொட்டகையை விட்டு வெளியே வந்து வாசலில் நின்றது. சித்தப்பா வா என்று கூப்பிடவில்லை. அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மணி நேரமாவது அப்படியே இருந்திருப்பார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள்.

அம்மா வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். நிலைமையைப் பார்த்தாள். பால் வாளியைக் கழுவி, குழாயடியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, "கதவ தொறங்க தம்பி" என்றாள். இரண்டாவது பிள்ளை போனதற்குப் பிறகு அவள் அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

நானும் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். அம்மா வாளியை மடியில் வைக்கவில்லை. பிடியில் பிடித்துக் கால்களுக்கு நடுவில் தூக்கி வைத்திருந்தாள். வேலிக் கேட் வரை போய், ஸ்டோரைச் சுற்றிக்கொண்டு, பாதையில் இருந்த எல்லாக் குழியிலும் ஏறி இறங்கி வந்தோம். கார் உண்மையிலேயே நன்றாகத்தான் போனது. அம்மா இறங்கி வாளியைத் தங்கையின் முன்னால் வைத்தாள். ஒரு சொட்டு குறையவில்லை.

"பாத்தியா? ஏறுடி" என்றாள்.

சின்னம்மா அந்தத் தண்ணீரை ரொம்ப நேரம் பார்த்தாள். வாளிக்குள் விரலை விட்டு, எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் ஏறினாள்.

காரின் மகிமை என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அன்று அம்மாவின் கைகளைப் பார்த்தவள் நான். காரின் ஒவ்வொரு அசைவுக்கும் அவள் மணிக்கட்டு ஒரு பக்கமும் முழங்கை ஒரு பக்கமும் போயின. இருபது வருடம் இரண்டு வாளிப் பாலைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலும் சரிவிலும் ஓடிய கை. சிந்தினால் அன்றைய உழைப்பு போச்சு. அந்தக் கையில் கொடுத்தால் மாட்டு வண்டியிலும் தண்ணீர் தளும்பாது. இதை அம்மாவிடம் பிறகு ஒரு தடவை கேட்டேன். "போடி, பைத்தியம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கினாள்.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சிரம்பான். அம்மாவுக்கு வேலை, அதனால் துணைக்கு நான். பள்ளிக்கூடம் போகாத அந்தப் புதன்கிழமைகள்தான் என் வாழ்க்கையிலேயே இனிப்பானவை. மூன்றாவது பயணத்தில் சின்னம்மா, "கூரைய மடக்கி விடுறீங்களா?" என்று கேட்டாள். சித்தப்பா நிறுத்தி மடக்கினார். காற்றில் அவள் முடி பறந்து என் வாயில் வந்து விழுந்தது. தேங்காய் எண்ணெய் வாசனை. திரும்பும் வழியில் லுக்குட்டில் சிவப்புச் சாயம் ஊற்றிய ஐஸ் உருண்டை வாங்கிக் கொடுப்பார். இருவரும் உறிஞ்சிக்கொண்டே வருவோம். கேட்டில் அந்த மலாய்க்காரப் பெரியவர் எங்கள் சிவந்த வாயைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். டாக்டர் ஒவ்வொரு தடவையும் சின்னம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பார். வெள்ளையாக இருந்தது மெல்ல மெல்ல ரோஜா நிறமானது. எனக்கே அது தெரிந்தது.

கடைசி மாதம் அவளை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தோம். வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தால் யாருக்கும் இறங்காது. ஒரு காலையில் பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்த நேரம், துரை வீட்டுக்குப் போன் வந்ததாகக் கிராணியார் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். சுகப் பிரசவம், பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். சித்தப்பா போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டுக் கழுவி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, மறுபடி சோப்புப் போட்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளையை நீட்டியபோது அவ்வளவு கழுவிய கையையும் சட்டையில் துடைத்துக்கொண்டுதான் வாங்கினார். என் தங்கை ஊரைக் கூட்டி அழுதாள். அந்த அழுகைக்கு நாங்கள் எல்லாரும் சிரித்தோம்.

கோலா கிளாவாங்கிலிருந்து ஆத்தா வந்து பேத்தியைப் பார்த்துவிட்டுப் போனார். கூட யாரையும் அழைத்து வரவில்லை. அந்தக் கார் இன்னும் பல பிள்ளைக்காரிகளைச் சிரம்பானுக்குக் கொண்டுபோனது. அவசரகாலம் முடிந்து, தோட்டம் கைமாறி, நாங்கள் கலைந்தபோது யாரோ வந்து இழுத்துப் போனார்கள். என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை.

அந்தப் புதன்கிழமைகளால்தான் நான் மிஸ்ஸி ஆனேன் என்று நினைக்கிறேன். தாதிப் பயிற்சியில் பிரசவப் பாடம் நடந்த வாரம், எனக்குத் தூக்கமே வரவில்லை. லீவு கிடைத்ததும் நேராக லுக்குட்டுக்கு ஓடினேன். சித்தப்பா அப்போது தவுக்கேயின் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஒரு லாரிக்கு அடியிலிருந்து அவரை வெளியே வரவைத்தேன்.

"சித்தப்பா, பிள்ளைங்க போனது ஒங்க லாரியால இல்ல. குலுங்குனதால பிள்ள சாகாது. சின்னம்மாவுக்கு ஒடம்புல ரத்தம் இல்ல, ஓயாம மலேரியா. அதனாலதான் ரெண்டும் போச்சு. நாங்க படிச்சோம்."

அவர் ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "தெரியும் பாப்பா" என்றார்.

"யாரு சொன்னா?"

"டாக்டருதான். மூணாவதுக்கு மொதத் தடவ போனேன்ல, அப்பவே கேட்டேன். லாரி குலுங்குனதாலயா ஐயான்னு. இல்லன்னாரு. டாரா கூராங்ன்னாரு. ரத்தம் பத்தலயாம்."

"அப்புறம் எதுக்கு அவ்வளவு பாடுபட்டு அந்தக் காரு?"

"அவ வேற எதுலயும் ஏறமாட்டேன்னுட்டாளே."

"அம்மா ஒங்கள இத்தன வருஷமா பேசுறாங்களே. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொன்னா கோளாறு ஒங்க சின்னம்மாகிட்டன்னு ஆயிரும்" என்றார். "எங்க ஆத்தா அங்க பொண்ண கையில பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தா. லயத்துல என்ன பேசுவாங்கன்னு ஒனக்குத் தெரியாது. லாரிய திட்டுறதுதான, திட்டிட்டுப் போகட்டும். ஒங்கம்மாகிட்ட சொல்லிராத லா."

நான் சொல்லவில்லை. பேறுகால வார்டில் முப்பது வருடம், எந்தத் தாயிடமும் எதையும் மறைக்காதவள் என்று பெயர் வாங்கினேன். வீட்டில் அம்மா அந்த லாரியைப் பற்றித் தொடங்கினால் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அம்மா கடைசி நாட்களில் என் வீட்டில்தான் படுத்திருந்தாள். சித்தப்பா போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. சின்னம்மா தினமும் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். ஒரு பகல் நேரம், கஞ்சி குடித்துவிட்டு, அம்மா மறுபடியும் அதையே தொடங்கினாள்.

"அந்த லாரியிலதான்டி ரெண்டும் போச்சு. கொஞ்சம் மெதுவா ஓட்டியிருந்தா ரெண்டும் இன்னைக்கு இருக்கும்."

நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அதற்குள் சின்னம்மா, அத்தனை வருடத்தில் முதல் தடவையாக, பதில் சொன்னாள்.

"மெதுவாத்தான்க்கா ஓட்டினாரு. எனக்குத்தான் ஒடம்புல ரத்தம் இல்ல. எம் பொண்ணு பொறந்த அன்னைக்கு எங்கிட்ட சொன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. "ஏன்டி சொல்ல வேணாம்னாரு?" என்று கேட்டாள்.

"நீ என்னைய திட்டுவியேன்னுதான்."

"திட்டியிருப்பேன்" என்றாள் அம்மா. கண்ணோரத்தில் நீர் இறங்கிக் காதுக்குள் போனது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டாள். "தம்பி எங்கடி? வரச் சொல்லு. நான் ஒரு வார்த்த பேசணும்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சின்னம்மா அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேலைக்குப் போயிருக்காருக்கா" என்றாள். "இப்ப வந்துருவாரு."